வியாகுலம் சிஸ்டர் மலையேறின கதை

தலையணையைச் சரி பண்ணிக்கோ. காலை நீட்டு. இன்னைக்குச் சொல்லப்போறது நீளமான கதை, நடந்துக்கிட்டே இருக்கிற கதை. நடுவுல நடுவுல நீ ம் கொட்டணும். ம் நின்னுபோச்சுன்னா தூங்கிட்டேன்னு எடுத்துக்குவேன். சரியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு கன்னியர் மடம் இருந்துச்சு. ஊரு பேரு மாங்குழி. ஊருக்கு மேற்க ஒரு பெரிய மலை. சாயங்காலம் ஆனா அந்த மலையோட நிழல் மெதுவா மெதுவா வயல் மேல நடந்து வந்து, மடத்து வாசல்ல படுத்துக்கும். அந்த மடத்துல ஏழு சிஸ்டருங்க.

காலையில நாலரைக்கு மணி. டாங், டாங், டாங். எல்லாரும் எழுந்து, முகம் கழுவி, வெள்ளை அங்கி மாட்டி, முக்காடு போட்டு, கோயிலுக்குள்ள வரிசையா உக்காருவாங்க. அரை மணி நேரம் மௌனம். அப்புறம் ஜெபம், அப்புறம் பூசை. அப்புறம் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு, ஒருத்தர் தையல் வகுப்புக்கு, ஒருத்தர் காய்ச்சல்காரங்களுக்கு மருந்து குடுக்க. சாயங்காலம் எல்லாரும் திரும்பி வந்து ஜெபமாலை சொல்லுவாங்க.

இதுல சமையக்கட்டு சிஸ்டர் பேருதான் வியாகுலம். வியாகுலம்னா துக்கம். மாதாவோட துக்கத்தை நினைச்சு வைக்கிற பேரு. ஆனா இந்த வியாகுலம் சிஸ்டர் முகத்துல துக்கத்தை வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. எப்பவும் சிரிப்பு, எப்பவும் பேச்சு. அடுப்புல பருப்பு கொதக் கொதக்னு கொதிச்சா, “ஏன் இன்னும் வேகாம இருக்க, உனக்கு என்ன கோபம்?”னு அதுகிட்ட கேப்பாங்க. பால் கறக்கப் போனா மாட்டுக்கிட்ட ஊர்க்கதை. சர் சர்னு பால் விழ விழ மாடும் தலையாட்டிக்கிட்டே கேக்கும். அவங்களுக்கு உலகத்துலயே கஷ்டமான வேலை எது தெரியுமா? காலையில அந்த அரை மணி நேரம் பேசாம உக்காந்திருக்கிறது.

“ம்.”

அந்த மடத்துல எல்லாரையும்விட மூத்தவங்க பெரிய மதர். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தகரப்பெட்டியோட மாங்குழிக்கு வந்து இறங்கினவங்க. கிணறு வெட்டினது, பள்ளிக்கூடம் கட்டினது எல்லாம் அவங்க. அவங்க நடந்து வந்தா செருப்புச் சத்தத்துக்கே ஊர்ல சண்டை நின்னுரும்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு ஒரு நாள் பக்கவாதம் வந்துருச்சு. வலது கை விழுந்துருச்சு, வலது கால் விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு. கட்டில்லயே படுக்கை. வாயில வர்றது ஒரே சத்தம்தான். என்ன சத்தம்?

“ம்...?”

ஆமா, அதேதான். ம். நீ சொல்ற மாதிரியே.

அந்த ம் யாருக்கும் புரியாது. வியாகுலம் சிஸ்டருக்கு மட்டும் புரியும். பசிக்குதுங்கிற ம் வேற. முதுகு வலிக்குதுங்கிற ம் வேற. நீ கொஞ்சம் வாயை மூடுறியாங்கிற ம் வேற. ரெண்டு வருஷமா அவங்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வச்சது எல்லாம் வியாகுலம் சிஸ்டர்தான்.

இப்போ அந்த மலைக்கு வருவோம். மலை உச்சியில பாறைக்குள்ள ஒரு மாதா கெபி இருக்கு. கெபின்னா குகைக்கோயில். ரோடு கிடையாது, நடந்துதான் ஏறணும். ஏற மூணு நாளு. வருஷா வருஷம் காலாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் சிஸ்டருங்க எல்லாம் யாத்திரை கிளம்பிருவாங்க. ஆனா யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும் இல்லையா? மாடு இருக்கு, கோழி இருக்கு, வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு ஒரு வாய் சோறு போடணும். அப்போ பெரிய மதர்தான் மடத்துத் தலைவி. முதல் வருஷம், “வியாகுலம் இருக்கட்டும்”னாங்க. அடுத்த வருஷமும் “வியாகுலம் இருக்கட்டும்”னாங்க. அப்புறம் யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லைன்னு ஆயிருச்சு. அப்படியே பன்னிரண்டு வருஷம் போச்சு. அப்புறம் பெரிய மதர் படுத்தாங்க. அதுக்கப்புறம் கேக்கணுமா? அவங்களைப் பாத்துக்க ஆள் வேணும். இன்னும் ரெண்டு வருஷம். ஆக மொத்தம் பதினாலு வருஷம் வியாகுலம் சிஸ்டர் மத்தவங்களுக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்து, வாசல்ல நின்னு கையாட்டிட்டு, உள்ள வந்துருவாங்க. மலை மேல என்ன இருக்குன்னு போயிட்டு வந்தவங்க வாயால கேட்டதுதான்.

“ம்.”

அந்த வருஷமும் லீவு வந்துச்சு. யாத்திரைக்கு மூட்டை கட்ட ஆரம்பிச்சாங்க. அப்போ பாரு, பெரிய மதர் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. கஞ்சியா, வாயை இறுக்கி மூடிக்கிட்டாங்க. பாலா, தலையைத் திருப்பிக்கிட்டாங்க. வாழைப்பழத்தை மசிச்சுக் குடுத்தா, இடது கையால தட்டி விட்டாங்க. பொத்துனு கீழ விழுந்துச்சு.

வியாகுலம் சிஸ்டர் கட்டில் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, “என்னம்மா வேணும் உங்களுக்கு? சொன்னாத்தான தெரியும்”னு கேட்டாங்க.

பெரிய மதர் இடது கையை மெல்லத் தூக்கி ஜன்னலைக் காட்டுனாங்க. ஜன்னலுக்கு வெளிய என்ன? மலை.

“மலைக்கா?”

“ம்.”

“உங்களுக்கு மலைக்கு வரணுமா?”

“ம்.”

அந்த ம் ஒரு புது ம். ரெண்டு வருஷத்துல வியாகுலம் சிஸ்டர் கேக்காத ம். அவங்க உடனே எழுந்து நேரா சலேத் மதர்கிட்ட போனாங்க. பெரிய மதர் படுத்தப்புறம் மடத்துக்குத் தலைவியா வந்தவங்கதான் சலேத் மதர். நல்லவங்கதான், ஆனா எதுக்கும் மூணு தடவை யோசிப்பாங்க.

“பெரிய மதர் யாத்திரைக்கு வரணும்கிறாங்க, மதர்.”

“யாரு சொன்னது?”

“அவங்களே சொன்னாங்க.”

“என்னன்னு சொன்னாங்க?”

“ம்னு சொன்னாங்க.”

அங்க இருந்த சிஸ்டருங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. சலேத் மதர் சிரிக்கல. “காட்டு வழி, வியாகுலம். எண்பது வயசு ஆனவங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?”னாங்க.

அப்போ உள் அறையிலேருந்து ஒரு சத்தம். டங், டங், டங். எல்லாரும் ஓடிப் பாத்தா, பெரிய மதர் இடது கையில தம்ளரை எடுத்து கட்டில் கம்பியில அடிச்சுக்கிட்டு இருக்காங்க. டங், டங், டங். நிறுத்தவே இல்ல. சலேத் மதர் வாசல்படியில நின்னு அவங்களைப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், “சரி. எப்படித் தூக்குறது?”னு கேட்டாங்க.

“என் தோள் எதுக்கு இருக்கு?”னாங்க வியாகுலம் சிஸ்டர்.

தையல் வகுப்புல கை வச்ச நாற்காலி ஒன்னு இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பக்கமும் நீளமா மூங்கில் வச்சு, துணி காயப்போடுற கயித்தால இறுக்கிக் கட்டுனாங்க. மாட்டையும் கோழியையும் பக்கத்து வீட்டு மும்தாஜ் பாத்துக்கிறேன்னுட்டாங்க. செவ்வாய்க்கிழமை பூசை முடிஞ்சதும் ஏழு பேரும் கிளம்பிட்டாங்க. நாலு பேர் தூக்க, ரெண்டு பேர் மூட்டை சுமக்க, நடுவுல ராணி மாதிரி பெரிய மதர். கிரீச் கிரீச்னு நாற்காலி போகுது. தூக்குறவங்க மாறி மாறி வந்தாங்க. வியாகுலம் சிஸ்டர் மட்டும் மாறவே இல்ல.

தூங்கிட்டியா?

“இல்ல. ம்.”

முதல் நாள் பூரா வயக்காடு. அதுல ஒன்னும் கஷ்டம் இல்ல. அன்னைக்கு ராத்திரி அடிவாரத்து ஊர் கோயில்ல படுத்துட்டு, ரெண்டாம் நாள் காலையில ஆத்துக்கு வந்தாங்க. எப்பவும் அது காஞ்சு கிடக்கிற காட்டாறு. ஆனா மலையில மழை பெஞ்சிருக்கு. ஆறு செவசெவன்னு சளசளன்னு ஓடிக்கிட்டு இருக்கு.

அப்போ சலேத் மதர் ஒரு கம்பை விட்டு ஆழம் பாத்தாங்க. “இடுப்பளவுதான் இருக்கும். மெதுவாப் போகலாம்”னாங்க. நாற்காலியைத் தலை உயரத்துக்குத் தூக்கிட்டு இறங்குனாங்க. தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் முழங்கால். அப்புறம் இடுப்பு. நடு ஆத்துல தையல் சிஸ்டர் கிறிசந்தா இருக்காங்களே, ஒல்லியா, கொசு கடிச்சாக்கூட பயப்படுவாங்க, அவங்க கால் பாசியில வழுக்கிருச்சு. சர்ர்னு ஒரு பக்கம் நாற்காலி சாயுது. பெரிய மதர் கால் ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. கிறிசந்தா சிஸ்டருக்குக் கத்தக்கூட வாய் வரல.

வியாகுலம் சிஸ்டர் என்ன பண்ணாங்க தெரியுமா? சட்டுனு குனிஞ்சு, மூங்கிலுக்கு அடியில தன் தலையையே குடுத்துட்டாங்க. கழுத்து நரம்பு புடைச்சுது. தண்ணி வாய்க்குள்ள போச்சு. ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொரு அடி. கரையில ஏறி நாற்காலியை வச்சதும் எல்லாரும் பொத்து பொத்துனு மண்ணுல விழுந்தாங்க. அப்போ மேல இருந்து ஒரு சத்தம். களுக். நிமிந்து பாத்தா பெரிய மதர் சிரிக்கிறாங்க. ஈரக் காலை ஆட்டிக்கிட்டு, குழந்தை மாதிரி. ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அவங்க சிரிச்சாங்க. பயந்துபோய் உக்காந்திருந்த கிறிசந்தா சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துருச்சு.

“ம்.”

அப்புறம் மலை ஆரம்பிச்சுது. மத்தியானத்துக்கு மேல வழுக்குப் பாறைக்கு வந்தாங்க. அது யானை முதுகு மாதிரி வழவழன்னு பெரிய பாறை. அதுல சின்னச் சின்னப் படி வெட்டியிருக்கும், ஒரு கால் வைக்கத்தான் இடம். மேல இருந்து தண்ணி சொட்டு சொட்டா வடியுது. பாதி ஏறியிருப்பாங்க. மடார்னு ஒரு சத்தம். மூங்கில் முறிஞ்சுருச்சு.

வியாகுலம் சிஸ்டர் கை தானாப் போயி பெரிய மதர் இடுப்பைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் பாறை மேல ஒட்டிக்கிட்டு படுத்துக் கிடக்காங்க. நாற்காலி மட்டும் உருளுது. தட, தட, தட, தட... அப்புறம் ரொம்ப கீழ எங்கேயோ சடார். அப்புறம் சத்தமே இல்ல. அந்த நாற்காலி விழுந்த ஆழத்தை எல்லாரும் காதால கேட்டாங்க.

ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு இழுத்து, எப்படியோ பாறைக்கு மேல வந்து சேந்தாங்க. சலேத் மதர் கீழ எட்டிப் பாத்தாங்க. “போதும் வியாகுலம். இதுக்கு மேல வேண்டாம். இறங்கிருவோம்”னாங்க.

வியாகுலம் சிஸ்டருக்கும் பயம்தான். தோள்பட்டை ரெண்டும் தோல் உரிஞ்சு எரியுது. அவங்க பெரிய மதர் முகத்துக்கு நேராக் குனிஞ்சு, “இறங்கிரலாமா, அம்மா?”னு கேட்டாங்க.

பெரிய மதர் ம் சொல்லல.

இன்னொரு தடவை கேட்டாங்க. அப்பவும் சொல்லல. பேசாம மேல பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சலேத் மதர் தள்ளிப் போயி ஒரு கல்லு மேல உக்காந்தாங்க. ஜெபமாலையை எடுத்தாங்க, உருட்டுனாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் எழுந்து வந்து, தான் போத்தியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து, வியாகுலம் சிஸ்டர் முதுகுல பெரிய மதரை வச்சு, குழந்தையைக் கட்டுற மாதிரி அவங்களே சுத்திச் சுத்திக் கட்டுனாங்க. முடிச்சு போட்டுட்டு, “இறுக்கமா இருக்கா?”னு கேட்டாங்க.

பெரிய மதர் கனமே இல்ல. ஒரு கட்டு முருங்கைக்காய் மாதிரி இருந்தாங்களாம். ஒரு காலத்துல ஊரே பயந்த ஆளு.

அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள தேன் எடுக்கிற ஒரு குடும்பத்தோட குடிசைக்கு வந்துட்டாங்க. அந்த வீட்டம்மா சுடச்சுட கிழங்கு அவிச்சுக் குடுத்து, “யானைக் கூட்டம் ஒன்னு குட்டியோட சுத்துது. வெயில் ஏறினப்புறம் கிளம்புங்க”ன்னு சொன்னாங்க. அதே மாதிரி மூணாம் நாள் வெயில் ஏறினப்புறம்தான் கிளம்புனாங்க. ஆனா மேல போகப் போக பனிமூட்டம் வந்துருச்சு. வெயில் எங்க போச்சுன்னே தெரியல. முன்னால போறவங்க முதுகு மட்டும் வெள்ளையாத் தெரியுது. மரம் எல்லாம் சொட்டுது. சொட், சொட், சொட்.

பயமா இருக்கா?

“...ம்.”

என் கையைப் பிடிச்சுக்கோ.

முன்னால போன சலேத் மதர் நின்னாங்க. கையைப் பின்னால காட்டி, எல்லாரையும் நிக்கச் சொன்னாங்க. பாதையில குறுக்க ஒரு சுவர். அங்க எப்படிச் சுவர் வரும்னு பாத்தா, அந்தச் சுவர் மூச்சு விடுது.

யானை.

மத்தவங்க எல்லாம் மெல்ல மெல்லப் பின்னால நகந்து ஒரு பாறைக்குப் பின்னாடி போயிட்டாங்க. கிறிசந்தா சிஸ்டர் மட்டும் வியாகுலம் சிஸ்டர் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க. ஆனா வியாகுலம் சிஸ்டரால நகர முடியல. முதுகுல ஆள். பின்னால கால் வச்சா சறுக்கும். திரும்பினா பெரிய மதர் முதுகு யானைப் பக்கம் போயிரும். “நீங்க போங்க”ன்னு மூச்சுக்காத்தால சொன்னாங்க. கிறிசந்தா சிஸ்டர் போனாங்க. வியாகுலம் சிஸ்டர் நின்ன இடத்துலயே நின்னாங்க.

யானை திரும்பிப் பாத்துச்சு. பெரிய பெண் யானை, எல்லாத்துக்கும் மூத்தது. காது ரெண்டும் அப்படியே நின்னுருச்சு. ஒரு அடி எடுத்து வச்சுது. இன்னொரு அடி. இப்போ கைக்கு எட்டுற தூரம். வியாகுலம் சிஸ்டர் தன் வாழ்நாள்லயே முதல் தடவையா ஒரு வார்த்தை பேசத் தோணாம நின்னாங்க.

அப்போ யானை வயித்துக்குள்ளேருந்து ஒரு சத்தம் விட்டுச்சு. காதுல கேக்கிற சத்தம் இல்ல அது. தரை வழியா ஏறி, கால் வழியா வந்து, நெஞ்செலும்புல அதிருது. ம்ம்ம்ம்ம்ம்.

முதுகு மேல இருந்த பெரிய மதர், அவசரமே இல்லாம, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ற மாதிரி சொன்னாங்க.

“ம்.”

யானை தும்பிக்கையை நீட்டுச்சு. புஸ்ஸ்னு சூடா மூச்சு வியாகுலம் சிஸ்டர் முகத்துல அடிச்சுது. தோள்பட்டைக்கு மேல போச்சு. பெரிய மதரோட செத்துப்போன வலது கையை ஈரமா, மெதுவா, தொட்டுப் பாத்துச்சு. தடவுச்சு. வியாகுலம் சிஸ்டருக்கு அது கண்ணுல படல. முதுகு வழியாத்தான் தெரிஞ்சுது, பெரிய மதர் உடம்பு ஒரு துளிகூட நடுங்கலைன்னு.

அப்புறம் யானை தும்பிக்கையை எடுத்துக்கிச்சு. திரும்பிச்சு. பாதையைத் தாண்டிச்சு. அதுக்குப் பின்னாடி இன்னொன்னு வந்துச்சு. இன்னொன்னு. பனிக்குள்ளேருந்து வந்து பனிக்குள்ள போகுது. மொத்தம் பதினோரு யானை. குட்டி, தாய் வயித்துக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டு தத்தித் தத்திப் போச்சு. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகு மிதிபட்ட சத்தம்கூட இல்ல. பாறைக்குப் பின்னாடி நின்ன சிஸ்டருங்க தங்களை அறியாம முழங்கால் போட்டுட்டாங்க. கடைசி யானை போனப்புறமும் ரொம்ப நேரம் யாரும் எந்திரிக்கல.

“...ம்.”

இன்னும் கொஞ்சம்தான். மூடின கண்ணோடயே கேளு.

மத்தியானம் தாண்டி உச்சிக்கு வந்துட்டாங்க. மேல வந்ததும் பனி கீழ போயிருச்சு. கால் அடியில மேகம், தலைக்கு மேல நீலம். கெபிக்கு முன்னாடி ஒரு கோயில்பிள்ளை, கோயிலைப் பாத்துக்கிற பெரியவரு, வாசல் கூட்டிக்கிட்டு இருந்தாரு. முதுகுல ஆளோட வந்த வியாகுலம் சிஸ்டரைப் பாத்து விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டாரு.

கெபிக்கு நம்ம கோயில் மாதிரி கதவு இல்ல. ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு. ஒரு ஆள் பக்கவாட்டுல திரும்பித்தான் நுழையணும்.

“அம்மா, முதுகுல வச்சுக்கிட்டுப் போக முடியாதும்மா. ரெண்டு பேர் சேந்து நுழைய இடம் இல்ல”ன்னாரு கோயில்பிள்ளை.

வியாகுலம் சிஸ்டர் இடுக்கைப் பாத்தாங்க. ஆத்தைத் தாண்டி, பாறையைத் தாண்டி, யானையைத் தாண்டி வந்தாச்சு. இப்போ ஒரு சாண் இடம் பத்தல. பெரிய மதரைக் கீழ இறக்கி, பாறையில சாய வச்சு, “நான் முன்னால நின்னு மெல்ல இழுத்துப் பாக்கிறேன், பின்னால யாராவது பிடிச்சுக்கோங்க”ன்னு சொன்னாங்க.

பெரிய மதர் தலையை ஆட்டுனாங்க. இல்லைன்னு ஆட்டுனாங்க. இடது கையைத் தூக்கி, வியாகுலம் சிஸ்டர் நெஞ்சுல வச்சு, இடுக்குப் பக்கமாத் தள்ளுனாங்க. பலமே இல்லாத கை. ஆனா தள்ளுது. மறுபடியும் தள்ளுது.

“நானா? நான் மட்டுமா?”

“ம்.”

“நீங்க பாக்கணும்னுதான இவ்வளவு தூரம் வந்தோம்.”

பெரிய மதர் கண்ணை மூடித் திறந்தாங்க. மறுபடியும் தள்ளுனாங்க.

அப்போ சலேத் மதருக்குப் புரிஞ்சுருச்சு. மெல்லமாச் சொன்னாங்க, “வியாகுலம், அவங்க எத்தனையோ தடவை பாத்தாச்சு. நீ பாக்கணும்னுதான் அவங்க கிளம்பி வந்திருக்காங்க. அவங்க வீட்டுல இருந்தா நீயும் வீட்டுலதான இருப்ப. பன்னிரண்டு வருஷம் உன்னை இருக்கச் சொன்னது அவங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அதே தப்பை நான் பண்ணேன்.”

வியாகுலம் சிஸ்டர் பெரிய மதரைப் பாத்தாங்க. அந்தக் கண்ணு ரெண்டும் கலங்கி இருந்துச்சு. வியாகுலம் சிஸ்டர் முக்காட்டை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. பக்கவாட்டுல திரும்பி, இடுக்குக்குள்ள நுழைஞ்சாங்க.

முன்னால பாறை, முதுகுல பாறை. ரெண்டும் ஐஸ் மாதிரி. ஒரே இருட்டு. ஒரு அடி, ரெண்டு அடி, பத்து அடி. தன் மூச்சுச் சத்தம் மட்டும் தனக்குக் கேக்குது. அப்புறம் திடீர்னு நெஞ்சுக்கு முன்னால பாறை இல்ல. இடம் விரிஞ்சுருச்சு.

உள்ள பெரிய குகை. மேல எங்கேயோ உயரத்துல ஒரு ஓட்டை. அது வழியா வெயில் ஒரே தூணா இறங்குது. அந்த வெயில்ல பனிப்புகை சுத்திச் சுத்தி ஏறுது. மேல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி, வெயிலுக்குள்ள வந்ததும் பளிச்னு மின்னி, கீழ சுனையில விழுது. டிங். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்னு. டிங். சுவர் பூரா காக்காப்பொன், அதான் மினுங்குற கல்லு. நின்னா சும்மா கறுப்பு. தலையை லேசா அசைச்சா மினுமினு மினுமினுன்னு, வானத்தையே மடிச்சு உள்ள வச்ச மாதிரி.

நடுவுல மாதா. வியாகுலம் சிஸ்டர் இத்தனை வருஷமும் ஆள் உயரத்துக்கு, நீலச் சேலை கட்டி, கிரீடம் வச்சு இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்படி இல்ல. ஒரு சாண் உயரம். கறுப்புக் கல்லு. முகமே இல்ல. கண்ணு, மூக்கு, வாய் எதுவும் இல்ல. எத்தனையோ காலமா வந்தவங்க எல்லாம் தொட்டுத் தொட்டு, தடவித் தடவி, முகம் தேஞ்சு போயிருச்சு. வழவழன்னு, குழந்தை கன்னம் மாதிரி.

வியாகுலம் சிஸ்டர் பதினாலு வருஷமா வேண்டுதல் சேத்து வச்சிருந்தாங்க. தம்பி குடும்பம், மாட்டுக்கு வந்த நோவு, தன் முழங்கால் வலி, பெரிய மதர் பேச்சு, இன்னும் என்னென்னமோ. ஒன்னுகூட ஞாபகம் வரல. வாயைத் திறந்தாங்க, வார்த்தை வரல. அடுப்புல சுட்டுச் சுட்டுத் தழும்பேறின கையை நீட்டி, அந்த முகத்தைத் தொட்டாங்க. அவ்வளவுதான். அப்படியே உக்காந்துட்டாங்க. டிங்னு தண்ணி விழுது. பேசாம இருக்கிறது அன்னைக்கு அவங்களுக்குக் கஷ்டமாவே இல்ல. யாரோ பக்கத்துல உக்காந்து, ஒன்னும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி இருந்துச்சாம்.

எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. வெயில் தூண் நகந்து சுவர்ல ஏறினப்புறம்தான் எழுந்து வெளிய வந்தாங்க.

வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. “என்ன வேண்டிக்கிட்டீங்க, சிஸ்டர்?”னு கிறிசந்தா சிஸ்டர் கேட்டாங்க. ஊரே கேக்குற மாதிரி பேசுறவங்க, ஒரு வார்த்தை சொல்லல. நேரா வந்து பெரிய மதர் முன்னால மண்டி போட்டாங்க.

பெரிய மதர் அவங்க முகத்தையே பாத்தாங்க. ரொம்ப நேரம், ஒரு கடுதாசியை ஒரு எழுத்து விடாம படிக்கிற மாதிரி பாத்தாங்க. அப்புறம் அந்த இடது கையால வியாகுலம் சிஸ்டர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, வியாகுலம் சிஸ்டர் மடியிலயே தன் தலையைச் சாச்சு, அந்த மலை உச்சியிலயே, வெயில்ல, நிம்மதியாத் தூங்கிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மத்த சிஸ்டருங்க ஒவ்வொருத்தரா உள்ள போயிட்டு வந்தாங்க.

அப்புறம் இறங்கி வந்தாங்க. தேன் எடுக்கிற அந்த வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் துணைக்கு வந்தாங்க, வழுக்குப் பாறையைச் சுத்தி வேற வழி காட்டுனாங்க. ஆத்துலயும் தண்ணி வடிஞ்சிருச்சு. வீடு வந்து சேந்ததும் பெரிய மதர் ரெண்டு தம்ளர் கஞ்சி குடிச்சாங்க. பேச்சு வரல. அதுக்கப்புறமும் வரவே இல்ல. ஆனா மூணு மழைக்காலம் நல்லா இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் காலையில, ஜன்னலைப் பாத்துக்கிட்டே, போயிட்டாங்க.

பெரிய மதர் இருந்தப்பவே, மலையேறின அடுத்த வருஷம் யாத்திரைக்கு மூட்டை கட்டினப்போ சலேத் மதர், “இந்தத் தடவை நான் வீட்டுல இருக்கேன்”னாங்க. புளிசாதமும் அவங்கதான் கிளறிக் கட்டுனாங்க. உப்பு கொஞ்சம் தூக்கல்னு வியாகுலம் சிஸ்டர் வழி பூரா சொல்லிக்கிட்டே போனாங்களாம்.

ம் எங்க?

...

சரி. எல்லாரும் மலை இறங்கி வந்தாச்சு, மடத்துல விளக்கையும் அணைச்சாச்சு. கதையும் கால் நீட்டிப் படுத்துருச்சு. நீயும் தூங்கு, கண்ணு.